வாசலில் கேட்கக் கூடாத கேள்வி

எங்கள் வீட்டிலிருந்து யாராவது நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது "எங்கே போறே?" என்று கேட்கக் கூடாது. கேட்டுவிட்டால் போகிற காரியம் நடக்காது. வாய் தவறி யாராவது கேட்டுவிட்டால், கிளம்பியவர் திரும்பி உள்ளே வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் கிளம்ப வேண்டும். தெரிந்துகொண்டே ஆக வேண்டும் என்கிறவர்கள் "தூரமா?" என்று கேட்கலாம். அதில் தோஷமில்லை. போகிறவர் தானாகவே போகும் இடத்தைச் சொல்லிவிட்டாலும் தோஷமில்லை. "எங்கே" என்ற சொல் மட்டும் வாசலில் எழக் கூடாது.

தினப்படி வேலைக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. ரப்பர் பால்மரம் வெட்டப் போகிறவரை எங்கே என்று யார் கேட்கப்போகிறார்கள்? பெண் பார்க்கப் போவது, நேர்த்திக்கடன், ஆஸ்பத்திரி, இப்படிப்பட்ட பயணங்களுக்குத்தான். அம்மா இதில் மிகவும் கண்டிப்பு. அப்பா சகுனம் பார்க்க மாட்டார், ஆனால் அம்மா சகுனம் பார்க்கிறாளா என்று பார்த்துக்கொண்டுதான் வாசலைத் தாண்டுவார்.

மலாயாவில் ரெம்பியாவைத் தாண்டி உள்ளே இருந்த ரப்பர் தோட்டம் எங்களுடையது. எங்களுடையது என்றால், நாங்கள் வேலை செய்தது. என் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பை முடித்து, பிறகு பஸ் ஏறி ஆங்கிலப் பள்ளிக்குப் போய், கடைசிப் பரீட்சை வரை தேறினேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதத்தான் முதலில் நினைத்தேன். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

பரீட்சை முடிந்ததும் ஆசிரியர் பயிற்சிக்கு மனு போட்டேன். மலாக்கா பட்டணத்துக்கு நேர்காணலுக்கு வரச் சொல்லி அழைப்பு வந்தது. அதில் தேறினால் ஆசிரியை. தேறாவிட்டால் அம்மாவுக்குப் பக்கத்து நிரையில் எனக்கும் ஒரு கத்தியும் வாளியும். அம்மாவுக்குப் பால் வெட்டுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால் என் கையில் அந்தக் கத்தியைப் பார்க்க அவளுக்கு இஷ்டமில்லை. அழைப்பு வந்த அன்றே சொல்லிவிட்டாள்:

"நீ கெளம்புற அன்னைக்கு ஒரு ஈ, காக்கா உன்னைய எங்கன்னு கேக்கக் கூடாது. பாத்துக்க."

அதில்தான் சிக்கல். அது வெள்ளைக்கார அரசாங்கம் காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட அவசரகாலம். எங்கள் வரிசை வீடுகளான லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். உள்ளே வரவும் வெளியே போகவும் ஒரே ஒரு கேட். காட்டில் இருப்பவர்களுக்கு அரிசி போய்ச் சேரக் கூடாது என்று, வெளியே போகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி, பையைத் திறந்து, ஐசி என்கிற அடையாள அட்டையைப் பார்த்து, எங்கே போகிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். வாசலில் கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்பதற்கென்றே அரசாங்கம் எங்களுக்கு ஒரு வாசலைக் கட்டிக் கொடுத்திருந்தது.

ஆனாலும் ஆரம்பத்தில் எல்லாம் சுமுகமாகத்தான் நடந்தது. காரணம், கேட்டில் நின்ற எஸ்.சி. என்கிற மலாய்க்கார ஸ்பெஷல் கான்ஸ்டபிள். அவர் பக்கத்துக் கம்பத்துக்காரர், மலாய்க் கிராமத்து ஆள். சின்ன வயதிலிருந்தே தமிழர்களோடு பழகியவர். மலாய்க்காரர்களுக்குள் "எங்கே போறீங்க?" என்று கேட்பதுதான் மரியாதை. வழியில் பார்த்தால் வணக்கம் சொல்கிற மாதிரி அதைக் கேட்பார்கள். ஆனால் எங்கள் பெண்கள் தட்டும் பூவுமாக வந்தால் அவர் அந்த மரியாதையை மடித்து வைத்துவிட்டு, "ஜாவ்கா, மச்சிக்?" என்பார். தூரமா, சின்னம்மா, என்று அர்த்தம். அம்மாவும் "ஜாவ், ஜாவ், அலோர்காஜா" என்று தானே ஊரையும் சேர்த்துச் சொல்லிவிடுவாள். அவர் எழுதிக்கொள்வார். அரசாங்கத்துக்கும் குறைவில்லை, எங்களுக்கும் குறைவில்லை.

பிறகு சோதனையைக் கடுமையாக்க வேண்டும் என்று ஒரு வெள்ளைக்காரப் பட்டாளத்துப் பையனைக் கொண்டுவந்து அவருக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். இருபது வயது இருக்கும். வெயிலில் மூக்கு உரிந்து, எப்போதும் சிரித்துக்கொண்டே இருந்தான். வருகிற ஒவ்வொருவரிடமும் தலையை ஒரு பக்கம் சாய்த்து "வேர் டூ?" என்றான்.

அவன் சிரித்துக்கொண்டே சொன்னதால், காலை வணக்கம் மாதிரி ஏதோ சொல்கிறான் என்றே எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். சிரித்துச் சொன்னவனுக்குச் சிரித்துத் திருப்பிச் சொல்வதுதானே முறை? கங்காணி மாமா தொப்பியைத் தூக்கி, "வேர் டூ, தொர! வேர் டூ!" என்றார். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தபோதெல்லாம் வேர் டூ சொன்னார்கள். எஸ்.சி. மலாயில் ஒருமுறை கேட்டு ஊர் பெயரை வாங்கி எழுதிக்கொண்டதால் வேலையும் நடந்தது.

ஒரு சாயங்காலம் குழாயடியில் பக்கத்து வீட்டு அத்தை என்னைக் கேட்டார்.

"ஏம்மா, நீதான இங்கிலீசு படிச்ச புள்ள. அந்தப் பய தெனமும் வேர் டூங்கிறானே, அப்படின்னா என்னாலா?"

குடத்தை இறக்கி வைத்தேன். இப்படி ஒரு கேள்விக்காகத்தான் இத்தனை வருஷம் பஸ் ஏறினேன் என்று தோன்றியது.

"எங்க போறீங்கன்னு கேக்கிறான், அத்தை."

குழாயடியில் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

"எங்கன்னா கேக்கிறான்?"

"ஆமா."

"தெனமுமா?"

"தெனமும்தான்."

"அடப்பாவி! போன வாரம் என் தம்பி சம்பந்தம் பேசப் போயி வெறுங்கையோட வந்தானே. இதாலதானா?"

"உன் தம்பி மூஞ்சிக்கும் கொஞ்சம் பங்கு இருக்குலா" என்றார் இன்னொருவர்.

எல்லாரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. குடம் நிரம்பி வழிந்து அவள் காலை நனைத்துக்கொண்டிருந்தது.

"உன்னையும் கேப்பானா?" என்றாள்.

அன்றிரவு நான் யோசித்ததெல்லாம் அந்த இரண்டு சொற்களைப் பற்றித்தான். பள்ளியில் எங்களுக்கு "வேர் ஆர் யூ கோயிங்?" என்று முழு வாக்கியமாகத்தான் சொல்லித் தந்தார்கள். இவனோ நடுவில் இருந்ததை எல்லாம் தின்றுவிட்டு, தலையையும் வாலையும் மட்டும் வைத்துக்கொண்டிருந்தான். ஆனாலும் அர்த்தம் கெடவில்லை. பேச்சில் ஆளும் பயணமும் கண்முன்னே நிற்கும்போது அவற்றைச் சொல்ல வேண்டியதில்லை, போய்ச் சேரும் இடம் ஒன்றுதான் தெரியாதது, அதை மட்டும் கேட்டால் போதும். நாமும் "எங்கிட்டு?" என்று ஒரே சொல்லில் கேட்கிறோமே. பள்ளி நூலகத்தில் இருந்த தடித்த அகராதியில் முன்பு ஒரு விஷயம் படித்திருந்தேன். பழைய ஆங்கிலத்தில் இதைக் கேட்கவென்றே "விதர்" என்று ஒற்றைச் சொல் இருந்ததாம். "எவ்விடத்துக்கு" என்று அர்த்தம். காலப்போக்கில் அதைப் பேசுவாரில்லை. அந்தக் காலி இடத்தில்தான் இந்த இரண்டு குட்டிச் சொற்களும் வந்து உட்கார்ந்துகொண்டன. ராஜா போன சிம்மாசனத்தில் இரண்டு பையன்கள் ஏறி உட்கார்ந்ததுபோல இருந்தது எனக்கு.

மறுநாளிலிருந்து கேட்டில் கூத்து ஆரம்பமானது. "வேர் டூ?" என்று அவன் கேட்டதும், நல்ல காரியத்துக்குக் கிளம்பியவர்கள் சட்டென்று திரும்பி வீட்டுக்கு நடந்தார்கள். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் வந்தார்கள். அவன் மறுபடியும் கேட்டான். அவர்கள் மறுபடியும் திரும்பினார்கள். அவன் சிரிப்பு குறைய ஆரம்பித்தது. கேள்வி கேட்டவுடன் திரும்பி ஓடுகிறவர்களைப் பார்த்தால் சோதனைக்கு நிற்கிற பட்டாளத்தானுக்கு என்ன தோன்றும்? மடியில் அரிசி இருக்கிறது என்றுதான் தோன்றும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அது வெடித்தது. அத்தை வீட்டில் மறுபடியும் தம்பிக்குச் சம்பந்தம் பேசக் கிளம்பினார்கள். இந்த முறை செலண்டாரில் பெண். தட்டில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், பூ. தம்பி தலையில் எண்ணெய் வழிந்தது. கங்காணி மாமா கோட்டுப் போட்டிருந்தார். கூட்டமாகக் கேட்டுக்கு வந்தார்கள்.

"வேர் டூ?"

கூட்டம் அப்படியே திரும்பியது. அவன் விசிலை ஊதினான். மற்ற எஸ்.சி.களும் ஓடிவந்து எல்லாரையும் நிறுத்தினார்கள். வாழைப்பழத்தை ஒவ்வொன்றாகப் பிய்த்துப் பார்த்தார்கள். வெற்றிலையை உதறினார்கள். கங்காணி மாமாவின் கோட்டுப் பையிலிருந்து சென்ட் பாட்டில் ஒன்று வந்தது. அதைத் திறந்து முகர்ந்து பார்த்த பட்டாளத்தான் தும்மினான்.

"தும்மிட்டான்!" என்று அத்தை தலையில் கை வைத்துக்கொண்டார். "எங்கன்னும் கேட்டு, தும்மவும் தும்மிட்டான்! இனி என் தம்பிக்கு இந்தப் பெறவியில பொண்ணு இல்ல!"

மலாய்க்கார எஸ்.சி. சிரிப்பை அடக்க முடியாமல் மணல் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து, கூட்டத்துக்குப் பின்னால் நின்ற என்னைக் கைகாட்டி, "இந்தப் பொண்ணு இங்கிலீஷ் பேசும், இவளக் கேளு" என்று அவனிடம் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார்.

அம்மா என் முதுகில் கை வைத்து முன்னே தள்ளினாள். "போ. சொல்லு."

அவனிடம் ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். இவர்களிடம் அரிசி இல்லை, ஒரு கேள்விதான் இவர்களைத் திருப்பி அனுப்புகிறது, அந்தக் கேள்வியைக் கேட்பது நீதான் என்றேன். வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு, தன் அப்பா ஒரு துறைமுக ஊரில் டாக்சி ஓட்டுகிறவர் என்றும், கதவைத் திறந்து யார் ஏறினாலும் அவர் சொல்லும் முதல் வார்த்தை இதுதான் என்றும், சின்ன வயதிலிருந்தே அதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்ததால் தன் காதுக்கு இதைவிட நல்ல வார்த்தை இல்லை என்றும் சொன்னான். "எங்கள் வீட்டில் இந்தக் கேள்வியைக் கேட்டால்தான் அன்றைக்குச் சாப்பாடு" என்றான்.

அதை நான் தமிழில் சொன்னேன். கூட்டத்தில் கோபம் இறங்கியது.

"பாவம், அவன் அப்பனுக்கு அது தொழிலாச்சே" என்றார் கங்காணி மாமா. "தொழிலு வேற, சகுனம் வேற."

பழைய "விதர்" பற்றியும் அவனிடம் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. தன் வாழ்நாளில் அந்தச் சொல்லை யாரும் பேசிக் கேட்டதில்லை என்றான். அவன் பாஷையில் அவனுக்குத் தெரியாத ஒரு சொல்லை எங்கள் லயத்துக் கேட்டில் நின்று நான் சொல்லியிருக்கிறேன் என்பதை இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

ஆனால் போகிற இடத்தைக் கேட்டு எழுத வேண்டும் என்பது தனக்கு உத்தரவு, கேட்காமல் விட முடியாது என்றான். அதற்கும் வழி சொன்னேன். "தூரமா?" என்று மட்டும் கேள், இடத்தை அவர்களே சொல்வார்கள்.

"டூ... ர... மா?"

"தூரந்தான் தம்பி! செலண்டாரு!" என்று கூட்டமே கத்தியது. எஸ்.சி. எழுதிக்கொண்டார். அத்தை எல்லாரையும் வீட்டுக்கு அழைத்துப்போய் தண்ணீர் குடிக்கவைத்து மறுபடி கூட்டிவந்தார். அவன் மறுபடியும் "டூரமா?" என்றான். இந்த முறை யாரும் திரும்பவில்லை. பழம் பிய்ந்த தட்டோடு போனார்கள். பெண் வீட்டார் ஒப்புக்கொண்டார்கள். அத்தை திரும்பி வந்து அந்தப் பையனுக்கு லட்டு கொடுத்தார்.

அதற்குப் பிறகு அவனுக்கு அந்தச் சொல் மேல் ஒரு ஆசை வந்துவிட்டது. எல்லாரிடமும் கேட்டான். காய்கறி லாரி ஓட்டிவரும் சீனத்து முதலாளி டவுக்கேயிடம் ஒருநாள் "தூரமா?" என்று கேட்க, தோட்டத் தமிழில் ஊறிய அவர் "கிட்டதான் தம்பி, மார்க்கெட்டு" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மாவுக்கு நிம்மதி. "வெள்ளக்காரனா இருந்தாலும் வளப்பு நல்ல வளப்பு" என்றாள். நேர்காணலுக்கு இனி ஒரு தடையும் இல்லை.

அந்த நாளும் வந்தது. அம்மா வேலைக்குப் போகவில்லை. முதல் நாளே லயம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். நான் வெள்ளை ரவிக்கையும் நீலக்கரைச் சேலையுமாக வெளியே வந்தபோது, ஒவ்வொரு வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்கள். அத்தை பேரனைத் தூக்கி வைத்துக்கொண்டு, அவன் ஏதாவது கேட்டுவிடுவானோ என்று அவன் வாயைக் கையால் பொத்தியிருந்தார். அவன் கண் இரண்டும் என்னைப் பார்த்து உருண்டன. கேட்டைத் தாண்டினால் ரோடு. ரோட்டில் மலாக்கா பஸ் புகை விட்டுக்கொண்டு நின்றது.

கேட்டில் எங்கள் பையன் இல்லை. அவனுடைய பட்டாளப் பிரிவை வேறு பக்கம் மாற்றிவிட்டார்களாம். எஸ்.சி. அந்த நேரம் பார்த்து வேலியைச் சுற்றிப் பார்க்கப் போயிருந்தார். பையனுடைய இடத்தில், செம்பட்டை முடியோடு புதிதாக ஒருவன், தகரக் குவளையில் தேத்தண்ணி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்து எழுந்தான். நல்ல சிரிப்பு.

"வேர் டூ, மிஸ்?"

எனக்குப் பின்னால் லயமே மூச்சை இழுத்தது காதில் விழுந்தது. எங்கள் வீடு கடைசி லயத்தில். திரும்பிப் போய்த் தண்ணீர் குடித்து வருவதற்குள் பஸ் போய்விடும். அடுத்த பஸ்ஸில் போனால் நேர்காணல் முடிந்துவிடும். சகுனத்தை விட்டுப் போவதா, பஸ்ஸை விடுவதா? நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா பஸ்ஸைப் பார்த்தாள். புதியவனைப் பார்த்தாள். அவன் கையில் இருந்த குவளையைப் பார்த்தாள்.

"உக்காரு" என்றாள் என்னிடம்.

"எங்கம்மா?"

"எங்கன்னு கேக்காதடி! அவன் ஸ்டூல்ல உக்காரு!"

உட்கார்ந்தேன். அம்மா அவன் கையிலிருந்து குவளையை வாங்கி என் வாயருகே பிடித்தாள். அவன் தடுக்கவில்லை. தடுக்க அவனுக்குத் தோன்றவில்லை.

"குடி. இந்தக் கேட்டும் நம்ம வாசல்தான். தேத்தண்ணியும் தண்ணிதான். சீனி வேற போட்டிருக்கான், நல்லதுதான்."

குடித்தேன். சுட்டது. அவசரத்தில் ஒரு சொட்டு ரவிக்கைக் கையில் தெறித்தது. லயத்துப் பக்கமிருந்து சிரிப்பு கிளம்பியது. பஸ் கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு "ச்சப்பாட்! ச்சப்பாட்!" என்று சீக்கிரப்படுத்தினார். அம்மா குவளையை அவனிடம் திருப்பிக் கொடுக்காமல், அவனை நேராக நிற்கவைத்து, மிகவும் நிதானமாக, "சே. தூரமா?" என்றாள். சொல்லு என்பதற்கு ஆங்கிலத்தில் "சே" என்று அம்மாவுக்குத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"தூ... ரமா?" என்றான் அவன், பயந்துபோய்.

"தூரந்தான்! மலாக்கா!" என்று சொல்லி, ஐசியைக் காட்டி, பையைத் திறந்து மூடி, ஓடினேன்.

பஸ்ஸில் ஏறித் திரும்பிப் பார்த்தபோது அம்மா அந்த ஸ்டூலுக்குப் பக்கத்தில் கையில் குவளையோடு நின்றுகொண்டிருந்தாள்.

நேர்காணலில் மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்கார அம்மையாரும் வயதான இலங்கைத் தமிழர் ஒருவரும் இருந்தார்கள். கணக்கு கேட்டார்கள், பூகோளம் கேட்டார்கள். சொன்னேன். பிறகு அம்மையார் என் ரவிக்கைக் கையைப் பார்த்து, அந்தக் கறை என்ன என்றார். மறைக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். மறைக்கவில்லை. "வேர் டூ"வில் ஆரம்பித்து, தகரக் குவளை வரை எல்லாவற்றையும் சொன்னேன். "தூரமா?" வரும் முன்பே அந்தத் தமிழர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அன்று காலை தன் டிரைவர் "எங்கே, ஐயா?" என்று கேட்டதற்காகத் தன் மனைவி தன்னைத் திரும்ப வீட்டுக்குள் இழுத்துவிட்டதாகவும், தான் தாமதமாக வந்ததற்கு அதுதான் காரணம் என்றும் அந்த அம்மையாரிடம் ஒத்துக்கொண்டார். அம்மையார் அவரை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். ஒரு விஷயத்தை இவ்வளவு தெளிவாக விளக்குகிறவள் பிள்ளைகளுக்கு முன்னால் நின்றுதான் ஆக வேண்டும் என்றார். ஜனவரியில் வந்து சேரும்படி அங்கேயே சொல்லிவிட்டார்கள்.

ஊரடங்குக்கு முன்பே பஸ் என்னைக் கேட்டில் இறக்கிவிட்டது. தோட்டத்தில் எல்லாரும் வேலை முடிந்து குளித்திருந்தார்கள். அப்பா கேட்டுக்குப் பக்கத்தில் நின்று ஒன்றும் நடக்காததுபோல் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். அத்தை, கங்காணி மாமா, எஸ்.சி., எல்லாரும் இருந்தார்கள். செம்பட்டை முடிக்காரன் சோதனை மேசையருகே நின்றான். அவனுடைய குவளை சாம்பல் போட்டுத் தேய்த்து மின்னியது. அதிலே எங்கள் வீட்டுத் தேத்தண்ணி ஆவி பறந்தது.

ஸ்டூலில் அம்மா உட்கார்ந்திருந்தாள். நான் வருகிற நடையைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் அவள் எழுந்து ஓடி வரவில்லை. கையை நீட்டி என்னை நிறுத்தினாள். தலையை ஒரு பக்கம் சாய்த்தாள்.

"வேர் டூ, மிஸ்?"

தன் ஆயுளில் யாரையும் வாசலில் கேட்டிராத கேள்வியை, கேட்டால் ஒன்றும் கெட்டுப்போகாத ஒரே இடத்தில், வீடு திரும்புகிறவளிடம், அம்மா ஆங்கிலத்தில் கேட்டாள்.

"ஊட்டுக்குத்தாம்மா" என்றேன்.

"தூரமா?"

"கிட்டதான்."

"ஐசி காட்டு!"

கேட்டே சிரித்தது. நான் ஐசியை எடுத்து நீட்டினேன். அம்மா அதில் இருந்த படத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அதைச் செம்பட்டை முடிக்காரனிடம் காட்டி, "டீச்சரு" என்றாள்.